1963-ல சின்தசைசர் இல்லாம டாக்டர் ஹூ டைட்டில் மியூசிக்கை எப்படிப் பண்ணாங்க?

மதுரை_காது:

இங்க சவுண்ட் வேலையில இருக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் இங்க கேக்குறேன். பிபிசி-ல 1963 நவம்பர் 23 அன்னிக்கு ஆரம்பிச்ச டாக்டர் ஹூ சீரியலோட டைட்டில் மியூசிக், பழைய ஒரிஜினல் வெர்ஷன், அத நேத்து நல்ல ஹெட்ஃபோன்ல கேட்டேன். அடியில குதிரை ஓடுற மாதிரி ஒரு பேஸ், அதுக்கு மேல வழுக்கிக்கிட்டே ஏறுற ஒரு மெலடி, நடுநடுல காத்து சீறுற மாதிரி ஒண்ணு. நான் கல்யாணக் கச்சேரிக்கும் சர்ச்சுக்கும் கீபோர்டு வாசிக்கிறவன், எந்த சத்தம் எந்த பேட்ச்ல (கீபோர்டுல ரெடியா இருக்கிற சத்தம்) வரும்னு ஓரளவுக்கு சொல்லிடுவேன், இதுல ஒண்ணுகூட பிடிபடல.

ராபர்ட் மூக்னு அமெரிக்க இன்ஜினியர் தன்னோட முதல் சின்தசைசரை, அதாவது மின்சாரத்துலேயே சத்தம் உண்டாக்குற வாத்தியத்தை, கட்டினதே 1964-ல. அப்ப கையில கம்ப்யூட்டரும் இல்ல, பல சத்தத்தைத் தனித்தனியா ஒரே டேப்ல பதியற மல்டிடிராக் டேப்பும் இல்ல. டீலியா டெர்பிஷயர்னு ஒரு அம்மா பண்ணாங்கன்னு போட்டிருக்கு, எங்க தேடினாலும் "டேப்பை வெட்டி ஒட்டி பண்ணாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. வெட்டி ஒட்டினா சுருதி எங்கேர்ந்து வரும், தாளம் எப்படி நிக்கும்? அது புரியற மாதிரி யாராச்சும் சொல்லுங்க. அப்படியே, இவங்களுக்கு முன்னாடி இந்த மாதிரி பண்ணவங்க யாரு, எதுலேர்ந்து கேக்க ஆரம்பிக்கலாம்னும் சொன்னா நல்லா இருக்கும்.

ஸ்பூல்_அண்ணாச்சி:

தம்பி, நான் ரேடியோவுல ஸ்பூல் டேப் வெட்டி எடிட் பண்ண கடைசி செட்டுல ஒருத்தன், அதனால இத கையால செஞ்ச அனுபவத்துல சொல்றேன். ஒரு விஷயம் மனசுல ஏறிட்டா மிச்சமெல்லாம் தானா புரிஞ்சுடும்: டேப்ல நேரம்ங்கிறது நீளம். மெஷின் வினாடிக்கு 15 இன்ச் ஓடுதுன்னா ஒரு வினாடி சத்தம் உங்க கையில 38 சென்டிமீட்டரா இருக்கு. அரை வினாடி வேணுமா, 19 சென்டிமீட்டர் அளந்து வெட்டு. கால் வினாடிக்கு ஒன்பதரை. ஸ்கேலை வெச்சு அளந்து மெழுகு பென்சில்ல கோடு போட்டு பிளேடால வெட்டி பின்பக்கம் ஒட்டுற டேப்பை ஒட்டினா தாளம் நிக்கும், நிக்காம எங்க போகும். நீங்க கேட்ட தாளக் கேள்விக்கு அதான் பதில்.

சுருதி வேகத்துலேர்ந்து வருது. டேப்பை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டினா ஒரு ஸ்தாயி மேல போகும், நீளம் பாதியாகும். ஒரே ஒரு அரைச்சுரம் ஏத்தணும்னா கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகத்தைக் கூட்டணும். டாக்டர் ஹூ பேஸ்ல நீங்க கேக்குறது ஒரே ஒரு தந்தியை மீட்டி ரெக்கார்ட் பண்ணது. அந்த ஒரு மீட்டலை வேற வேற வேகத்துல ஓட்டி வேற டேப்புல ஏத்தி, வேணுங்கிற சுரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டு, அந்தத் துண்டுகளை அளவு பாத்து வெட்டி வரிசையா ஒட்டி, அப்படி ஒட்டி ஒட்டித்தான் அந்த ஓட்டம் வந்துச்சு. யாரும் உக்காந்து அந்த பேஸ் லைனை ஒருதடவைகூட வாசிக்கல. அத நினைச்சுக்கிட்டு திரும்பக் கேளுங்க.

மேல வழுக்குற மெலடி ஆசிலேட்டர். இசைக்காக செஞ்ச பொருள் இல்ல அது, ரேடியோ ஸ்டேஷன்ல லைனையும் மெஷினையும் டெஸ்ட் பண்றதுக்கு ஒரே சீரா ஒரு தொனி கொடுக்கிற பெட்டி. அதுல ஒரு பெரிய டயல் இருக்கும், அத கையால திருப்பும்போது சத்தம் தொடர்ச்சியா ஏறும், அந்த வழுக்கல் அதுதான். சீறுற சத்தம் வெள்ளை இரைச்சலை, அதாவது எல்லா சுருதியும் கலந்த 'ஷ்ஷ்' சத்தத்தை, ஃபில்டர் பண்ணது.

இப்ப மல்டிடிராக் இல்லாம இதெல்லாம் எப்படி சேந்துச்சுன்னா, பேஸுக்கு ஒரு ரீல், மெலடிக்கு ஒரு ரீல், சீறலுக்கு ஒரு ரீல், எல்லாத்தையும் தனித்தனி மெஷின்ல மாட்டி ஒரே சமயத்துல ஸ்டார்ட் பண்ணி இன்னொரு மெஷின்ல பதிஞ்சாங்க. ஒரு மெஷின் லேசா இழுத்தாலும் போச்சு, முதல்லேர்ந்து. கூட உதவிக்கு இருந்த டிக் மில்ஸ் பின்னாடி சொல்லியிருக்கார், ஒரு இடத்துல ஏதோ ஒண்ணு சேராம இடிச்சுக்கிட்டே இருந்துச்சாம், எந்த ரீல்ல தப்புன்னு தெரியல, அதனால லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவோட நீளமான காரிடார்ல ரீலெல்லாம் பிரிச்சு தரையில பக்கத்துல பக்கத்துல போட்டு ஒட்டு ஒட்டா நடந்து பாத்து எந்த ஒட்டு நேருக்கு நேர் வரலன்னு கண்ணால கண்டுபிடிச்சாங்களாம். இந்தக் கதைய எத்தன தடவ சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இன்னொரு சின்ன விஷயம், எந்தப் புஸ்தகத்துலயும் இத பெருசா சொல்ல மாட்டாங்க. வெட்டுற கோணம் இருக்கு பாருங்க, நேரா வெட்டினா சுரம் டக்குனு அடிச்சு ஆரம்பிக்கும், சாய்ச்சு வெட்டினா முந்தின சத்தம் போகப் போக அடுத்தது மெதுவா உள்ள வரும். பிளேடு சாயற சாய்வுலதான் தொடுகை இருக்கு. நல்ல வாத்தியக்காரன் விரல்ல காட்டுற வித்தியாசத்தை இவங்க பிளேடுல காட்டினாங்க.

மெட்டு எழுதினது ரான் கிரெய்னர், அதையும் சொல்லணும். ஆனா அவர் கொடுத்தது கொஞ்சம் சுரக்குறிப்பும், காத்து, மேகம்னு நாலஞ்சு வார்த்தையும்தான். முடிஞ்சு வந்தத கேட்டுட்டு இத நானா எழுதினேன்னு டெர்பிஷயர்கிட்டயே கேட்டாராம்.

நிலா_கேக்குறா:

அண்ணாச்சி டெக்னிக்கை முழுசா சொல்லிட்டாங்க, நான் முன்னாடி யாருங்கிற கேள்விக்கு வர்றேன். பொதுவா எல்லாரும் பாரிஸ்ல இருந்த பியர் ஷேஃபரைத்தான் சொல்வாங்க. அவர் பிரெஞ்சு ரேடியோவுல இன்ஜினியர். 1948-ல பாரிஸ் பட்டினியோல் ரயில்வே ஸ்டேஷனுக்கு ரெக்கார்டிங் மெஷினோட போய் நீராவி இன்ஜின் சத்தத்தையெல்லாம் பதிஞ்சு வந்து, அத வெச்சு மூணு நிமிஷத்துக்குக் கிட்ட ஒரு பீஸ் பண்ணார், ரயில்வே எட்யூட்னு சொல்வாங்க. அந்த வருஷம் அக்டோபர் 5 அன்னிக்கு ரேடியோவுல போச்சு. அப்ப அவர்கிட்ட டேப்கூட கிடையாது, எல்லாம் இசைத்தட்டு! தட்டுல பள்ளம் சுருளாத்தான் போகும், அத ஒரு சுத்துக்கு மூடி வெட்டிட்டா ஊசி அங்கயே திரும்பத் திரும்ப சுத்தும், அதே சத்தம் விடாம வரும். இன்னிக்கு எல்லா ஆப்லயும் லூப்னு ஒரு பட்டன் இருக்கே, அதுக்கு மூத்தது அந்த மூடின பள்ளம்.

ஆனா எனக்கு அவர் பண்ணதுல பெருசா படுறது மணி. மணியை அடிக்கும்போது வர்ற அந்த முதல் "டங்"க விட்டுட்டு அது முடிஞ்ச பிறகு வர்ற ரீங்காரத்தை மட்டும் பதிஞ்சார். கேட்டா மணின்னே தெரியல, ஊதுற வாத்தியம் மாதிரி இருக்கு. ஒரு சத்தம் எதுலேர்ந்து வருதுன்னு நம்ம காது அடையாளம் கண்டுபிடிக்கிறதுல பெரும்பங்கு அந்த முதல் நொடித்துணுக்குலதான் இருக்கு, அத எடுத்துட்டா பேர் போயிடுது, சத்தம் மட்டும் நிக்குது. ஷேஃபர் அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க எழுதினது எல்லாம் இதத்தான், எங்கேர்ந்து வருதுன்னு தேடாம சத்தத்தை சத்தமா கேளுன்னு.

மதுரை_காது, இத நீங்க இன்னிக்கே செஞ்சு பாக்கலாம். வீட்டுல பூஜை மணியோ, சர்ச் பெல்லோ ஃபோன்ல பதிஞ்சு ஆடாசிட்டிங்கிற சவுண்ட் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு முன்பக்கம் ஒரு கால் வினாடியை வெட்டிடுங்க. படிச்சுப் புரிஞ்சுக்கிறத விட இது சீக்கிரம் புரியும்.

அப்புறம் ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். ஷேஃபருக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1944-ல, கெய்ரோவுல ஹலிம் எல்-டாப்னு ஒரு இளைஞர் இத பண்ணிட்டார். ரேடியோ ஸ்டேஷன்லேர்ந்து வயர் ரெக்கார்டரை (டேப்புக்கு பதிலா கம்பியில சத்தம் பதியற மெஷின்) கடன் வாங்கிட்டுப் போய், பெண்கள் கூடி ஆவியை அமைதிப்படுத்துற ஸார்ங்கிற சடங்குல பாட்டைப் பதிஞ்சு, ஸ்டேஷனுக்கு வந்து எக்கோ ரூம்ல ஓட்டி ஓட்டி மறுபடி பதிஞ்சு, குரலோட அடி சுரத்தையெல்லாம் கழிச்சுட்டு மேல தொங்குற அந்த ரீங்காரத்தை மட்டும் எடுத்தார். அதோட ஒரு பகுதி இன்னிக்கும் கிடைக்குது, வயர் ரெக்கார்டர் பீஸ்னு தேடுங்க. புஸ்தகமெல்லாம் பாரிஸ்ல ஆரம்பிக்குது, இவர் பேர் ரொம்ப நாள் யார் வாயிலயும் வரல, அது எனக்குப் பெரிய வருத்தம்.

சுருதி_பெட்டி:

எல்லாம் படிச்சேன், உழைப்புக்குத் தலை வணங்குறேன். ஆனா உழைப்பு வேற, இசை வேற. எனக்கு டாக்டர் ஹூ பிடிக்குது, ஏன்னா அதுல மெட்டு இருக்கு. ரயில் சத்தத்தையும் மணியோட வாலையும் வெட்டி ஒட்டினதுல ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு ஏங்குற அந்த இழுப்பு எங்க இருக்கு? காந்தாரத்துல நின்னா மத்யமம் வராதான்னு காது கேக்குமே, அது இல்லாம எவ்வளவு நேரம் கேக்க முடியும்? இத நான் மட்டும் சொல்லல. ஷேஃபரே 1986-ல ஒரு பேட்டியில, டோ ரே மிக்கு (நம்ம ஸ ரி க மாதிரி) வெளிய எதுவும் முடியாதுன்னு புரிய எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு, வாழ்க்கையை வீணடிச்சுட்டேன்ங்கிற அர்த்தத்துல சொல்லியிருக்கார். ஆரம்பிச்சவரே அப்படிச் சொன்னத நாம லேசா எடுத்துக்கக் கூடாது.

ரைன்கரை:

வணக்கம், நான் ஜெர்மனியில கொலோனுக்குக் கிட்ட இருக்கிறன், அதால கொலோன் கதையைக் கொஞ்சம் சொல்லுறன். சுருதி_பெட்டி அண்ணை கேட்டது சரியான கேள்வி, தட்டிக்கழிக்கேலாது.

பாரிஸ்காரர் வெளியில இருக்கிற சத்தத்தைப் பதிஞ்சு எடுத்தவை. இங்க கொலோன் ரேடியோவில ஹெர்பர்ட் ஐமர்ட் ஆக்கள் 1951-ல ஸ்டூடியோ துவங்கேக்க அதுக்கு நேர் எதிரா நிண்டவை, பதிஞ்ச சத்தம் வேண்டாம், மின்சாரத்தில பிறந்த சைன் தொனியில (ஒரேயொரு அதிர்வு மட்டும் இருக்கிற சுத்தமான தொனி) இருந்து ஒவ்வொரு சத்தத்தையும் நாங்களே கட்டுவம் எண்டு. அந்த ஸ்டூடியோவில வேலை செய்த இசையமைப்பாளர் ஷ்டொக்ஹவுசன் 1954-ல செய்த ஸ்டூடியே 2 எண்ட பீஸை எடுத்துப் பாருங்கோ. அதில சுரமே இல்லை எண்டு சொல்லேலாது, 81 சுரம் இருக்கு! 100 ஹெர்ட்ஸில துவங்கி ஒவ்வொரு படியும் முந்தினதின்ர ஐந்தின் 25-ஆம் மூலம் மடங்கு, அதாவது எங்கட அரைச்சுரத்தை விட ஒரு துளி பெரிய படி. அதால எவ்வளவு மேல போனாலும் சரியான மேல் ஸட்ஜம் வராது. ஸ்தாயி இல்லாத ஒரு சுரவரிசை. அஞ்சு அஞ்சு சைன் தொனியைத் துண்டு துண்டா ஒட்டி, அதை எக்கோ அறைக்குள்ள ஓட விட்டு, கலந்து வாற அந்த எதிரொலியைத்தான் பதிஞ்சவர். மூண்டு நிமிசத்துச் சொச்சம்தான் முழுப் பீஸும். அண்ணை சொல்லுற அந்த இழுப்பு அதில இல்லை, உண்மை. ஆனா ஒரு கலவை கரையேக்க அடுத்தது எங்க முளைக்கும் எண்டு காது தேடும், அது வேற ஒரு இழுப்பு. எனக்கு அது பழகக் கனகாலம் எடுத்தது.

அதை விட 1956-ல வந்த அவற்ற கெசாங் டேர் யுங்க்லிங்க எண்ட பீஸைக் கேளுங்கோ. பன்னிரண்டு வயசுப் பெடியன் ஒராளின்ர குரல், நெருப்புக்குள்ள நிண்டு கடவுளைப் புகழுற மூண்டு இளைஞரின்ர விவிலியப் பாட்டு. உயிரெழுத்து தொனியாக் கரையுது, மெய்யெழுத்து இரைச்சலோட சேருது, சொல் ஒருக்கா விளங்கும், ஒருக்கா விளங்காது, விளங்குறதும் விளங்காததுமே சுரம் போல ஏறி இறங்குது. முதல் நிகழ்ச்சியில ஆக்களைச் சுத்தி அஞ்சு பக்கம் ஸ்பீக்கர் வைச்சவை. பாரிஸும் கொலோனும் போட்ட சண்டை இந்த ஒரு பீஸில முடிஞ்சு போச்சு எண்டுதான் நான் சொல்லுவன், பதிஞ்ச குரலும் மின்சாரத் தொனியும் ஒரே உடம்பா நிக்குது.

ஷேஃபர் சொன்னது அவற்ற கணக்கு, அவற்ற துக்கம். அவரோட வேலை செய்த பியர் ஆன்றி 1963-ல ஒரு கதவு கிரீச்சிடுற சத்தத்தையும் ஒரு பெருமூச்சையும் வைச்சே முழு நீளத்துக்கு ஒரு வேலை செய்தவர், 2017-ல சாகும் வரைக்கும் விடேல்லை.

தறி_ஓசை:

ஸ்பூல் அண்ணாச்சி சொன்னதோட ஒட்டி ஒண்ணு. கிரெய்னர் டெர்பிஷயர் அம்மாவோட பேரையும் கூட போடணும்னு கேட்டார், பிபிசி விதிப்படி முடியாதுன்னுட்டாங்க. டைட்டில்ல அவங்க வேலை பாத்த ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்னு துறை பேர் மட்டும் வரும். டெர்பிஷயர் 2001-ல இறந்துட்டாங்க, சீரியலோட 50-வது வருஷ ஸ்பெஷல்ல, 2013-லதான், அவங்க பேரு திரையில வந்துச்சு. கேம்பிரிட்ஜ்ல கணக்கும் மியூசிக்கும் படிச்ச பொண்ணு, படிச்சு முடிச்சதும் டெக்கா இசைத்தட்டு கம்பெனியில வேலை கேட்டப்ப ஸ்டுடியோவுல பெண்களை எடுக்கறதில்லன்னு அனுப்பிட்டாங்க. அந்த வொர்க்‌ஷாப்பையே 1958-ல போராடிக் கொண்டுவந்தவங்கள்ல ஒருத்தர் டாஃப்னி ஓரம், அவங்களும் பெண்தான். மறுவருஷமே வேலையை விட்டுட்டு, ஃபிலிம் சுருள்ல கையால கோடு வரைஞ்சா அது ஒளி வழியா சத்தமா மாறுற மெஷின் ஒண்ண உருவாக்கினாங்க. இதெல்லாம் தெரிஞ்ச பிறகு அந்த டைட்டில் மியூசிக்கைக் கேக்கும்போது எனக்கு கோபமும் பெருமையும் சேந்தே வருது.

டெர்பிஷயர்கிட்ட அடுத்ததா 1967-ல பண்ண ப்ளூ வெயில்ஸ் அண்ட் கோல்டன் சாண்ட்ஸ் கேளுங்க. பாலைவனத்துல ஒட்டகக் கூட்டம் தூரத்துலேர்ந்து வர்ற ஒரு டாக்குமென்டரிக்கு பண்ணது. அவங்களுக்குப் பிடிச்ச ஒரு பச்சை லாம்ப்‌ஷேடு உண்டு, உலோகத்துல செஞ்சது, அத தட்டி வர்ற சத்தத்துலேர்ந்துதான் அந்த மினுமினுப்ப எடுத்தாங்க. தட்டின சத்தத்தோட முதல் அடியை நீக்கிட்டாங்க, நிலா சொன்ன அதே மணி வித்தைதான்.

சபர்மதி_பக்கம்:

எல்லாரும் ஐரோப்பாவையே பேசுறீங்க, நம்ம நாட்டுலயும் நடந்துச்சு. அகமதாபாத்ல நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்ல 1969-ல அமெரிக்காவுலேர்ந்து டேவிட் டியூடர்னு இசைக்கலைஞர் வந்து ஒரு மூக் சின்தசைசரோட ஸ்டுடியோ அமைச்சுக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா இவங்கல்லாம் அதுல வேலை செஞ்சாங்க. கீதா சாராபாய் யாருன்னா, 1946-ல நியூயார்க்ல அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவங்க, பதிலுக்கு அவர்கிட்ட மேற்கத்திய இசை கத்துக்கிட்டாங்க. அந்த ஸ்டுடியோ சில வருஷத்துல ஓஞ்சு போச்சு, டேப்பெல்லாம் அங்கயே கிடந்துச்சு. 2017-ல பால் பர்கஸ்னு லண்டன் கலைஞர் ஒருத்தர் தேடி எடுத்தார், 2023-ல தொகுப்பா வந்திருக்கு. சுருதி_பெட்டி சார், உங்களுக்கு இத நான் குறிப்பா சொல்றேன், தம்புரா கேட்டு வளந்த காதுங்க ஆசிலேட்டரைத் தொட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க.

சுருதி_பெட்டி:

இது எனக்குத் தெரியாது, தேடிக் கேக்குறேன். ஷ்டொக்ஹவுசன் விஷயத்துல இன்னும் மனசு ஒப்பல, ஆனா அந்தப் பையன் குரல் பீஸை முழுசா கேட்டுட்டு வந்துதான் மேல பேசுவேன்.

மதுரை_காது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. பக்கத்து வீட்டு பூஜை மணியை வாங்கி பதிஞ்சு வெட்டிப் பாத்தேன் நிலா, நிஜமாவே புல்லாங்குழல் மாதிரி ஆயிடுச்சு! ஆனா சத்தம் சீரா நிக்காம உவாங் உவாங்னு அலையுது, வினாடிக்கு ஒரு நாலு தடவ. ஃபோன் மைக் பிரச்னையா?

ஸ்பூல்_அண்ணாச்சி:

மைக் இல்ல தம்பி, அது மணியோட குணம். வார்ப்புல மணி எந்தப் பக்கமும் நூத்துக்கு நூறு ஒரே கனமா இருக்காது, அதனால ஒரே சுரம் ரெண்டா பிரிஞ்சு நாலு ஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி ஒலிக்கும், ரெண்டும் மோதுறதுதான் அந்த அலை. அடிச்ச சத்தம் இருந்தவரைக்கும் அது காதுல விழல, இப்ப வெட்டினதும் வெளிய வந்துடுச்சு. அத சரி பண்ணப் போகாதீங்க, அதான் உங்க சரக்கு. அந்தத் துண்டை பாதி வேகத்துக்கு இறக்குங்க, டெம்போவ மட்டும் மாத்துற எஃபெக்ட் வேண்டாம், வேகமும் சுருதியும் சேந்து இறங்குற எஃபெக்ட்ட போடுங்க. சுரம் ஒரு ஸ்தாயி கீழ வரும், அலை வினாடிக்கு ரெண்டாகும். இன்னொரு தடவ இறக்கினா ஒண்ணாகும். அந்த மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா மூணு டிராக்ல வெச்சு ஓட்டுங்க, அலை மூணும் ஒண்ணுக்கொண்ணு கணக்கா விழும், அதுலேர்ந்தே தாளம் கிடைக்கும். முடிச்சுட்டு ஃபைலை இங்க போடுங்க.